குட்டை விரல் சொன்ன சேதி

கையைப் பார்த்து ரத்த அழுத்தத்தைச் சொல்ல முடியுமா? ரேகை ஜோசியம் இல்லை, மருத்துவம்தான்.

துருக்கி நாட்டில், கருங்கடலை ஒட்டிய பகுதியில் ஒரு பெரிய குடும்பம் இருந்தது. அதில் சிலருக்குக் கைவிரல்கள் கட்டையாக இருக்கும். உள்ளங்கைக்குள் இருக்கும் எலும்புகளும் குட்டை, உயரமும் குறைவு. அவர்களுக்கெல்லாம் பிரஷர் ஏகத்துக்கு இருந்தது. அதே வீட்டில் நீள விரல்காரர்களுக்கு அந்தத் தொல்லை இல்லை! நிஹாத் பில்கின்துரான் என்ற மருத்துவரும் அவருடைய கூட்டாளிகளும் 1973இல் இதை எழுதி வெளியிட்டார்கள். வைத்தியம் செய்யாமல் விட்டால் இவர்கள் 50 வயதுக்கு முன்பே பக்கவாதத்தில் இறந்துபோவார்கள்.

பிரஷர் என்றதும் வீட்டில் ஊறுகாய் ஜாடியைத்தான் முறைப்பார்கள், இல்லையா? பொதுவாக அது நியாயம்தான். ஆனால் இந்தக் குடும்பத்தில் உப்பு குற்றவாளி இல்லை. அப்படியானால் யார்?

பெர்லினில் ஃபிரீட்ரிச் லுஃப்ட் என்ற மருத்துவரின் குழு தேடிக்கொண்டே இருந்தது. 12ஆவது குரோமோசோமில் ஏதோ கோளாறு என்பது 1996இல் தெரிந்தது. குரோமோசோம் என்றால் நம் உடலைக் கட்டும் குறிப்புகள் அடங்கிய நீண்ட சுருள். தெருவைக் கண்டுபிடித்துவிட்டார்கள், வீட்டைக் கண்டுபிடிக்க 2015 வரை ஆனது. இதே தொல்லை இருந்த, ஒன்றுக்கொன்று உறவே இல்லாத ஆறு குடும்பங்களைச் சோதித்தார்கள். ஆறிலும் ஒரே மரபணுவில், ஏறக்குறைய ஒரே இடத்தில், எழுத்துப்பிழை! மரபணுவின் பெயர் பிடிஇ3ஏ. வாயில் நுழையாத பெயர்தான், ஆனால் அது செய்யும் வேலை எளிது.

வகுப்புக் கரும்பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ரத்தக்குழாயின் சுவரில் தசை இருக்கிறது. அந்தத் தசைக்கு உடல், ‘கொஞ்சம் தளர்ந்து கொடு’ என்று பலகையில் எழுதிப் போடுகிறது. எழுதியது அப்படியே நின்றுவிடக் கூடாது அல்லவா? அதை அழிக்கும் டஸ்டர்தான் பிடிஇ3ஏ மரபணு உண்டாக்கும் நொதி. இந்தக் குடும்பங்களில் டஸ்டருக்குச் சுறுசுறுப்பு அதிகம். தசை படித்து முடிப்பதற்குள் அழித்துவிடும். குழாய் இறுகியே இருக்கும், சுவரும் தடிக்கும். குறுகிய குழாயில் ரத்தத்தைத் தள்ள அழுத்தம் ஏறத்தானே வேண்டும்!

சரி, விரலுக்கு என்ன வந்தது? அதே டஸ்டர் எலும்பு வளரும் குருத்திலும் இருக்கிறது. அங்கே சேதி அழிந்தால் எலும்பு நீள்வது சீக்கிரம் நின்றுவிடும். ஒரு பிழை, இரண்டு இடத்தில் வேலையைக் காட்டிவிட்டது. எனக்கு இதில் பிடித்ததே இந்த இடம்தான். பிரஷர் கண்ணுக்குத் தெரியாது, விரல் தெரியும். விரல் காட்டிக் கொடுக்காவிட்டால் யார் அங்கே தேடப் போயிருப்பார்கள்?

அப்பா அம்மாவில் ஒருவருக்கு இந்தப் பிழை இருந்தால் போதும், பிள்ளைக்கு வரலாம். பூவா தலையா போடுவது மாதிரி. ஒவ்வொரு பிள்ளைக்கும் புதிதாகச் சுண்ட வேண்டும். அக்காவுக்குப் பூ விழுந்ததா என்று காசுக்கு ஞாபகம் இருக்காது.

இதைப் படித்துவிட்டு ஸ்கேலை எடுத்து விரலை அளந்து பயப்படாதீர்கள். குட்டை விரல் பலருக்கு உண்டு, இந்தப் பிழையோ மிக மிக அரிது. நம் தாத்தா பாட்டிகளின் பிரஷர் வேறு கதை. அதில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட மரபு இடங்களுக்குப் பங்கு உண்டு. ஒவ்வொன்றும் துளித்துளியாகத்தான் ஏற்றும், இறக்கும். மிச்சத்தை உப்பும் உடல் எடையும் வயதும் பார்த்துக்கொள்ளும்.

அந்தக் குடும்பங்களில் இன்னொரு புதிரும் உண்டு. வருடக்கணக்கில் பிரஷர் ஏறிக் கிடந்தால் இதயம் தடித்துக் களைத்துப்போகும். இவர்கள் இதயமோ பெரிதாகக் கெடவில்லை! குழாயை இறுக்கும் அதே பிழை, இதயத்தைக் காப்பாற்றுகிறது என்று லுஃப்டின் பெர்லின் கூட்டாளிகள் 2022இல் எழுதினார்கள்.