கேப்டவுன் பாதி, காடு மீதி: ஆப்பிரிக்க சஃபாரிக்குப் பணம் கட்டும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

சேத்தியாத்தோப்பு குறுக்கு ரோட்டில் நின்றால் சென்னை, கும்பகோணம், சிதம்பரம், விருத்தாசலம் என நாலு பக்கமும் பஸ் கிடைக்கும். ஆப்பிரிக்காவுக்கு பஸ் கிடையாது, ஆனால் ஆசைக்குக் குறைவில்லை. என்எல்சி வேலையிலிருந்து ஓய்வுபெறும் அப்பா அம்மாவை ஒரு பெரிய டிரிப் கூட்டிப்போக நினைக்கும் ஐ.டி. பிள்ளைகள், 'துபாய், சிங்கப்பூர், பாலி எல்லாம் பார்த்தாச்சு, அடுத்து என்ன?' என்று கேட்கும் இளம் தம்பதிகள் எனப் பலரின் போனில் இப்போது வந்து விழுவது 'ஆப்பிரிக்க சஃபாரி' பேக்கேஜ் விளம்பரம்தான்.

விளம்பரத்தில் சிங்கம் இருக்கும், நீச்சல் குளம் இருக்கும். எந்த மாதம் போனால் மழை, எந்த வழியாகப் போனால் ஊசி, எந்தப் பணம் திரும்பி வராது என்பதெல்லாம் இருக்காது. நாலு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது சுலபமாகப் பத்து லட்சத்தைத் தாண்டும் செலவு. பல வருட சேமிப்பு. அதனால் முன்பணம் கட்டும் முன் சில கேள்விகளுக்கு விடை தெரிந்திருப்பது நல்லது.

கென்யாவா, தான்சானியாவா, தென்னாப்பிரிக்காவா?

காட்டு விலங்குகள் மட்டுமே நோக்கம் என்றால் கென்யாவின் மசாய் மாராவும் தான்சானியாவின் செரங்கெட்டியும்தான் முதல் தேர்வு. இரண்டும் ஒட்டிக் கிடக்கும் ஒரே புல்வெளி. பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்டபீஸ்ட் மான்கள் மழையைத் துரத்திக்கொண்டு வருடம் முழுக்க இதில் சுற்றி வருகின்றன. ஜூலை முதல் அக்டோபர் வரை அவை மாரா பக்கம் இருக்கும். பிப்ரவரி வாக்கில் தெற்கு செரங்கெட்டியில் குட்டி போடும்.

நகரமும் வேண்டும், காடும் வேண்டும் என்றால் தென்னாப்பிரிக்கா ஒரு படி மேலே. மலை, கடல், அருங்காட்சியகம், நல்ல ஹோட்டல், நல்ல ரோடு எல்லாம் கேப்டவுனில் உண்டு. அங்கிருந்து விமானம் ஏறினால் சில மணி நேரத்தில் குரூகர் தேசியப் பூங்கா. நைரோபிக்கும் ஒரு தனிச் சிறப்பு உண்டு. 1946-ல் அறிவிக்கப்பட்ட நைரோபி தேசியப் பூங்கா நகரத்தை ஒட்டியே இருப்பதால், சிங்கத்தையும் அதற்குப் பின்னால் வானுயர்ந்த கட்டடங்களையும் ஒரே படத்தில் எடுக்கலாம். ஆனால் ஊர் சுற்ற நாலு நாள் ஒதுக்குபவர்களுக்குக் கேப்டவுனில்தான் தீனி அதிகம்.

கட்டணமும் ஒரு காரணம். மசாய் மாராவில் வெளிநாட்டினருக்கான நுழைவுக் கட்டணம் 2024 ஜூலை முதல் ஒரு நாளைக்கு, ஒரு நபருக்கு 200 டாலர். இது ஜூலை முதல் டிசம்பர் வரை. மற்ற ஆறு மாதங்களில் 100 டாலர். குரூகரில் வெளிநாட்டினர் கட்டுவது அந்த 200 டாலரில் கால் பங்குக்கும் குறைவு.

எந்த மாதம் போகலாம்?

பலர் சறுக்கும் இடம் இதுதான். தென்னாப்பிரிக்காவில் பருவம் நமக்கு நேர் எதிர். நமக்குக் கத்திரி வெயில் முடியும்போது அங்கே குளிர்காலம் ஆரம்பம். குரூகரில் மே முதல் செப்டம்பர் வரை மழை இல்லாத காலம். புதர்கள் இலை உதிர்த்து, விலங்குகள் தண்ணீர் தேடி நீர்நிலைக்கு வரும். பார்ப்பது சுலபம். ஆனால் அதே ஜூன், ஜூலை, ஆகஸ்டில் கேப்டவுனில் மழை, காற்று, குளிர். டேபிள் மவுண்டன் ரோப்காரை வருடாந்திரப் பராமரிப்புக்காக மூடுவதும் பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான்.

காட்டுக்கு நல்ல மாதம் நகரத்துக்கு ஆகாது, நகரத்துக்கு நல்ல மாதம் காட்டுக்கு ஆகாது என்றால் என்ன செய்வது? இரண்டும் சுமாராக ஒத்துப்போகும் இடைவெளிகள் இரண்டு உண்டு.

• மே மாதம்: பள்ளிப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஏற்றது. குரூகரில் வறண்ட காலம் தொடங்கும். கேப்டவுனில் பெருமழை இன்னும் முழுதாகத் தொடங்கியிருக்காது.

• செப்டம்பர், அக்டோபர்: லீவு கிடைக்கும் இளைஞர்களுக்கு இதுதான் பெஸ்ட். கேப்டவுனில் வசந்தம், குரூகரில் கோடை மழைக்கு முந்தைய கடைசி நாட்கள். கேப்டவுன் அருகே ஹெர்மானஸ் கரையிலிருந்தே திமிங்கிலமும் பார்க்கலாம்.

மே மாதத்தில் கென்யா பேக்கேஜ் ஏன் விலை குறைவு என்று கேட்டால், அங்கே மார்ச் முதல் மே வரை நீண்ட மழைக்காலம் என்பதுதான் பதில்.

பத்து நாளில் என்னென்ன அடங்கும்?

கேப்டவுனில் நான்கு இரவு, காட்டில் மூன்று இரவு, ஜோகன்னஸ்பர்க்கில் ஒன்று அல்லது இரண்டு. இதற்கு மேல் திணித்தால் பாதி விடுமுறை விமான நிலையத்தில் போய்விடும். கேப்டவுனுக்கும் ஜோகன்னஸ்பர்க்குக்கும் இடையே ரோடு வழியாக சுமார் 1,400 கி.மீ. விமானத்தில் இரண்டு மணி நேரம். கேப்டவுனிலிருந்து குரூகருக்குள் இருக்கும் ஸ்குகூசாவுக்கும், பக்கத்திலிருக்கும் ஹூட்ஸ்பிரெய்ட்டுக்கும் நேரடி விமானம் இருப்பதால், காட்டை முடித்துவிட்டு ஜோகன்னஸ்பர்க் வழியாக ஊர் திரும்புவது நல்ல வரிசை.

கேப்டவுனில் டேபிள் மவுண்டனைக் கடைசி நாளுக்குத் தள்ளாதீர்கள். 1,086 மீட்டர் உயர மலை. காற்று பலமாக அடித்தால் ரோப்கார் ஓடாது. வானம் தெளிவாக இருக்கும் முதல் நாளே ஏறிவிடுங்கள். நெல்சன் மண்டேலா தன் 27 வருட சிறைவாசத்தில் 18 வருடத்தைக் கழித்த ராபன் தீவுக்குப் படகு டிக்கெட்டை முன்கூட்டியே போட வேண்டும். சைமன்ஸ் டவுனின் போல்டர்ஸ் கடற்கரையில் ஆப்பிரிக்க பென்குயின்கள் உண்டு. 2024-ல் இவை மிக ஆபத்தான நிலையில் உள்ள இனமாக அறிவிக்கப்பட்டன.

லாட்ஜுக்கு ஏன் இவ்வளவு காசு?

குரூகர் 1926-ல் தேசியப் பூங்காவானது. பரப்பளவு ஏறக்குறைய 20,000 சதுர கி.மீ. முதுமலை புலிகள் காப்பகம் 688 சதுர கி.மீ. என்பதோடு ஒப்பிட்டால் அளவு புரியும். இதற்குள் அரசின் தங்கும் முகாம்கள் இருக்கின்றன. செலவு குறைவு, சொந்தமாகக் கார் ஓட்டிச் சுற்றலாம். ஆனால் ரோட்டை விட்டு இறங்கக் கூடாது, பொழுது சாய்வதற்குள் முகாமுக்குத் திரும்பிவிட வேண்டும்.

பூங்காவை ஒட்டி சாபி சாண்ட், டிம்பாவாட்டி போன்ற தனியார் காப்பகங்கள் உள்ளன. நடுவில் வேலி கிடையாது, விலங்குகள் இஷ்டத்துக்குப் போய்வரும். இங்கே ஒரு நபருக்கு ஓர் இரவு வாடகை சில நூறு டாலரில் தொடங்கி ஆயிரத்தைத் தாண்டும். அந்தக் காசுக்குக் கிடைப்பது மெத்தை மட்டும் இல்லை. மூன்று வேளைச் சாப்பாடு, விடிகாலையும் மாலையும் தலா ஒரு ஜீப் சவாரி, தடம் பார்த்துச் சொல்லும் டிராக்கர், ரோட்டை விட்டு இறங்கி சிறுத்தையைப் பின்தொடரும் அனுமதி, இருட்டிய பின்னும் சுற்றும் வாய்ப்பு, ஒரு விலங்கைச் சுற்றி இத்தனை வண்டிதான் நிற்கலாம் என்ற கட்டுப்பாடு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விலை.

பட்ஜெட் இடித்தால் கேப்டவுன் ஹோட்டலில் ஒரு நட்சத்திரத்தைக் குறைத்துக்கொண்டு, காட்டில் மூன்று இரவைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். ஒரே இரவு தங்கினால் இரண்டு சவாரிதான் கிடைக்கும். சிங்கம் உங்கள் செக்-அவுட் நேரம் பார்த்து வராது. பல லாட்ஜ்களில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளை ஜீப்பில் ஏற்ற மாட்டார்கள். முன்பதிவுக்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஊசியும் விசாவும்

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி: கென்யா, உகாண்டா, எத்தியோப்பியா போன்ற நாடுகளில் தங்கிவிட்டு இந்தியா திரும்புபவரிடம் இந்த ஊசிக்கான சான்றிதழ் கேட்கப்படும். இல்லையென்றால் ஆறு நாள் வரை தனிமைப்படுத்தலாம். ஊசி போட்டு 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லும். கடைசி வாரத்தில் ஓடினால் பயனில்லை. ஒருமுறை போட்டால் ஆயுளுக்கும் போதும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டிலும், துறைமுக சுகாதார அலுவலகத்திலும் போடுகிறார்கள். 60 வயதைத் தாண்டியவர்கள் டாக்டரிடம் கேட்காமல் போடக் கூடாது.

தென்னாப்பிரிக்கா மட்டும் போனால் இது தேவையில்லை. ஆனால் வழி முக்கியம். சென்னையிலிருந்து நேரடி விமானம் இல்லை. துபாய், தோஹா வழியாகப் போனால் பிரச்சினை இல்லை. மஞ்சள் காய்ச்சல் உள்ள நாட்டின் விமான நிலையத்தில் 12 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்து வந்தால் தென்னாப்பிரிக்கா சான்றிதழ் கேட்கும். ஐயாயிரம் ரூபாய் மிச்சம் என்று அடிஸ் அபாபா வழியாக நீண்ட இடைவெளியுள்ள டிக்கெட்டைப் போடும் முன் இதை யோசியுங்கள்.

மலேரியா: குரூகர் பகுதியில் உண்டு, மழை மாதங்களில் அதிகம். சின்னக் குழந்தைகளோ கர்ப்பிணியோ உடன் வந்தால் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து காரில் போகக்கூடிய பிலானெஸ்பர்க், கிழக்கு கேப் பகுதியின் அட்டோ யானைப் பூங்கா போன்ற மலேரியா இல்லாத இடங்களைத் தேர்ந்தெடுக்கலாம்.

விசா: கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் விசாவுக்குப் பதில் ஆன்லைன் பயண அனுமதி போதும். தென்னாப்பிரிக்காவுக்கு முன்கூட்டியே விசா வாங்க வேண்டும். பிள்ளைகளுக்குப் பிறப்புச் சான்றிதழும், பெற்றோரில் ஒருவர் மட்டும் உடன் போனால் மற்றவரின் சம்மதக் கடிதமும் கேட்பார்கள். பிறப்புச் சான்றிதழில் குழந்தையின் பெயர் பதிவாகியிருக்கிறதா, பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தும் அதுவும் ஒன்றா என்று இன்றே எடுத்துப் பாருங்கள். இன்ஷியல் குழப்பம் நம் ஊருக்கே உரியது. திருத்த நேரம் பிடிக்கும்.

டிசிஎஸ் என்றால் என்ன?

வெளிநாட்டு டூர் பேக்கேஜ் விற்கும் நிறுவனம், விலைக்கு மேல் ஒரு தொகையை வரியாகப் பிடித்து அரசுக்குக் கட்ட வேண்டும். இதுதான் டிசிஎஸ். 2023 அக்டோபரில் 7 லட்சம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 20 சதவீதம் என்றானது. 2025 ஏப்ரலில் அந்த வரம்பு 10 லட்சமானது. பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும் விஷயம் என்பதால், பணம் கட்டும் நாளில் எந்த விகிதம் அமலில் இருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

இது தொலைந்துபோகும் பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம், அல்லது திரும்பப் பெறலாம். சம்பளக்காரர்கள் 2024 அக்டோபர் முதல் இதை அலுவலகத்தில் தெரிவித்து, மாதாமாதம் பிடிக்கும் டிடிஎஸ்ஸைக் குறைத்துக்கொள்ளவும் வழி உண்டு. அதனால் ரசீது யார் பெயரில், யார் பான் எண்ணில் என்பதை யோசித்து முடிவெடுங்கள். வரி கட்டத் தேவையில்லாத அப்பா பெயரில் போட்டால், அவர் கணக்குத் தாக்கல் செய்து ரீஃபண்டுக்குக் காத்திருக்க வேண்டும்.

பையில் என்ன, தட்டில் என்ன?

காட்டுக்குள் போகும் சின்ன விமானங்களில் பெரும்பாலும் 15 முதல் 20 கிலோதான். கெட்டியான டிராலி சூட்கேஸை ஏற்ற மாட்டார்கள், துணிப் பைதான். மே மாத விடிகாலை ஜீப்பில் பல் கிட்டும், ஸ்வெட்டர் கட்டாயம். சைவம் என்றால் லாட்ஜுக்கு முன்பே எழுதிவிடுங்கள். பருப்புப் பொடி கொண்டுபோவது சரி. கென்யா போகிறவர்கள் அதைப் பிளாஸ்டிக் கேரி பையில் வைக்காதீர்கள். அங்கே 2017 முதல் அதற்குத் தடை. நகரங்களில் இருட்டிய பின் கையில் போனோடு நடக்காமல் டாக்ஸி பிடியுங்கள்.

பிரோஷரில் இல்லாத ஒரு நாள்

1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து போன 'ட்ரூரோ' கப்பல் டர்பனில் நம்மவர்களை இறக்கியது. 1911 வரை சுமார் 1,52,000 இந்தியர்கள் கரும்புத் தோட்டக் கூலிகளாக அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் மதராஸ் மாகாணத்தினர். அவர்கள் கட்டிய முருகன், மாரியம்மன் கோயில்கள் இன்றும் டர்பனில் உள்ளன, காவடியும் எடுக்கிறார்கள். கூடுதலாக இரண்டு நாள் இருந்தால், டர்பனிலிருந்து ஹ்லுஹ்லுவே-இம்ஃபலோசி பூங்காவுக்கு காரில் போகலாம். அழிவின் விளிம்பிலிருந்த வெள்ளைக் காண்டாமிருகம் பிழைத்துப் பெருகிய இடம் அது.

அதற்கு நேரமில்லையென்றாலும் ஜோகன்னஸ்பர்க்கில் அரை நாள் ஒதுக்கலாம். காந்தியும் மண்டேலாவும் வெவ்வேறு காலத்தில் அடைபட்ட பழைய சிறை, இப்போது கான்ஸ்டிட்யூஷன் ஹில். பிராம்ஃபோன்டெய்ன் கல்லறைத் தோட்டத்தில் தில்லையாடி வள்ளியம்மையின் சமாதி உள்ளது. சத்தியாகிரகத்தில் சிறை சென்று, நோயோடு வெளியே வந்து, 1914 பிப்ரவரி 22-ல் இறந்தபோது அவருக்கு வயது 16. அவர் குடும்பத்தின் சொந்த ஊரான தில்லையாடி, சேத்தியாத்தோப்பிலிருந்து சிதம்பரம், சீர்காழி வழியாக இரண்டு மணி நேர தூரம்தான்.

எதை முதலில் செய்வது?

• 8 மாதம் முன்பு: மாதத்தை முடிவு செய்து, லாட்ஜ் அறை இருக்கிறதா என்று பாருங்கள். சிறந்த லாட்ஜ்களில் அறைகள் கொஞ்சம்தான். ஹோட்டல் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

• 6 மாதம் முன்பு: பாஸ்போர்ட், பிறப்புச் சான்றிதழ் பெயர்களைச் சரிபாருங்கள். ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பதை எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம்.

• 3 மாதம் முன்பு: விசா விண்ணப்பம். வயதான பெற்றோருக்கு ஏற்கெனவே உள்ள நோய்களையும் உள்ளடக்கிய பயணக் காப்பீடு.

• ஒரு மாதம் முன்பு: தேவைப்பட்டால் ஊசி, மலேரியா மாத்திரைக்கு டாக்டர்.

சிங்கத்தைப் பார்ப்பது அதிர்ஷ்டம். இந்த நாலையும் முடிப்பது நம் கையில்தான் இருக்கிறது.