இறக்கத்தில் எதிர்ப்பக்கம் திரும்பும் வண்டி

இறக்கத்தில் இடது பிடியை அழுத்தினால் கை டிராக்டர் வலது பக்கம் திரும்பும். வயல்வெளியில் பழகியவரிடம் இதைச் சொன்னால் முதலில் நம்பமாட்டார். நம்பாமல் இறங்கி, வண்டியோடு கானுக்குள் போனவர்களைப் புசல்லாவைப் பக்கம் பார்த்திருக்கிறேன்.

காரணம் எளியது. கைப்பிடிகளின் அடியில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு திருப்பும் பிடிகள் இருக்கும். இடது பிடியை அழுத்தினால் இடது சில்லுக்கு எஞ்சினிலிருந்து போகும் விசை அறுந்துவிடும். சமதரையில் வலது சில்லு மட்டும் தள்ளுவதால் வண்டி இடப்பக்கம் வளையும். இறக்கத்தில் வண்டியைத் தள்ளுவது அதன் சொந்தப் பாரம். எஞ்சின் அதைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பிடிமானத்திலிருந்து இடது சில்லை விடுவித்தால் அது முந்திக்கொண்டு ஓடும், வண்டி வலப்பக்கம் சுழலும். ஆகவே இறக்கத்தில் அந்தப் பிடிகளைத் தொடவே கூடாது. மேலேயே சின்ன கியரில் போட்டுக்கொண்டு, கைப்பிடியை உடம்பால் தள்ளித்தான் திருப்ப வேண்டும். நடுவழியில் கிளச்சைப் பிடித்து கியர் மாற்ற நினைத்தால், பின்னால் பெட்டி நிறைய கோவா இருக்கும்போது, அதைப் பிடித்துவைக்கும் எஞ்சின் பிடிமானமும் இல்லாமல் போகும்.

சமவெளிக்காகப் பிறந்த வண்டியை நாம் மலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். கம்பளையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் ஏ5 வீதியில், புசல்லாவையைச் சுற்றி, ரொத்சைல்ட், சோகம, ஹெல்பொட, டெல்டா என்று தேயிலைத் தோட்டங்கள். அவற்றின் ஓரங்களிலும் ஆற்றோரங்களிலும் கைவிட்ட தேயிலை மலைகளிலும் போஞ்சி, கோவா, கரட், லீக்ஸ், தக்காளி என்று மரக்கறித் தோட்டங்கள். சிங்களக் கிராமங்கள் இறங்கும் பள்ளத்தாக்குகளில் படிப்படியாக நெல்வயல்கள். இந்த மூன்றுக்கும் ஒரே வண்டியை வாங்கலாமா என்று கேட்டுவரும் இளைஞர்கள் பெருகிவிட்டார்கள். முள்ளால் மண் கொத்த ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாகவில்லை என்பது அவர்கள் சொல்லும் காரணம். நியாயமான காரணம்தான்.

அரச பத்திரங்களில் இது இருசில்லு உழவு இயந்திரம். சிங்கள அயலவர்களுக்கு அத் ட்ரக்டர். யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் எந்தக் கம்பெனி செய்திருந்தாலும் அது லாண்ட்மாஸ்டர்தான். போரில் வன்னியில் இடம்பெயர்ந்த குடும்பங்கள் வீட்டையே அதன் பெட்டியில் ஏற்றிக்கொண்டு போயின. அந்தப் பெயருக்குப் பின்னால் இலங்கையர் ஒருவர் இருக்கிறார் என்பது லாண்ட்மாஸ்டர் ஓட்டிய பலருக்கே தெரியாது.

ரே விஜேவர்தன 1924இல் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் பொறியியல் படித்தவர், விமானம் ஓட்டியவர், 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் இலங்கைக்காகப் பாய்மரப் படகு செலுத்தியவர். 1950களில் சிறு விவசாயிக்கு ஏற்ற இருசில்லு வண்டியொன்றை வடிவமைத்தார். இங்கிலாந்தில் நொட்டிங்ஹாம் பக்கம் லாண்ட்மாஸ்டர் என்ற பெயரில் அது உற்பத்தியாகி, நம் வயல்களுக்கு மட்டுமல்லாமல் வெப்பமண்டல நாடுகள் பலவற்றுக்கும் போனது. சுழலும் கத்தியால் மண்ணைக் கிளறும் யோசனை அதற்கு முந்தியது. அவுஸ்திரேலியாவில் ஆர்தர் கிளிஃபர்ட் ஹோவர்ட் 1912இலேயே அதைப் பரிசோதித்துப் பார்த்தார். ஆனால் எருமை கட்டி உழுத சிறு விவசாயியை நினைத்து உழைத்தவர்களில் விஜேவர்தனவுக்கு முக்கிய இடம் உண்டு.

இந்தக் கதையில் எனக்கு முக்கியம் பிறகு நடந்தது. 1960களில் ஹார்வர்டில் தன் வண்டியைப் பற்றி அவர் பேசினார். அங்கே ஒருவர் எழுந்து, நீங்கள் இயந்திரமயமாக்கியது விவசாயத்தையா, எருமையையா என்று கேட்டாராம். அந்தக் கேள்வி தன்னை உலுக்கிவிட்டதாக விஜேவர்தனவே பின்னாளில் பலமுறை சொன்னார். எருமை செய்த வேலையை எஞ்சின் வேகமாகச் செய்கிறது. அந்த வேலை மண்ணுக்கு நல்லதா என்று அதுவரை கேட்கவில்லையே என்று அவர் யோசிக்கத் தொடங்கினார். நைஜீரியாவின் இபாடனில் இருக்கும் சர்வதேச வெப்பமண்டல விவசாய நிறுவனத்தில், உழாமல் விதைக்கும் முறைகளில் உழைத்தார். உழவு என்பது பெரும்பாலும் களையை அடக்கத்தான்; வெயிலும் அடைமழையும் உள்ள நம் நாடுகளில் அதே களையைக் குழைமூடாக்கால் அடக்கலாம்; திறந்து கிடக்கும் மண்ணில் மழைத்துளி விழுவதுதான் பெரிய கேடு என்பதே அவர் வந்து சேர்ந்த இடம். 2010இல் காலமாகும்வரை இதையே சொல்லிக்கொண்டிருந்தார். தான் செய்த பொருள் உலகெங்கும் ஓடிக்கொண்டிருக்கும்போது, அதன் பயனைத் தானே கேள்வி கேட்ட பொறியியலாளர்கள் மிகக் குறைவு. அவர்மேல் எனக்கு இருக்கும் மரியாதை அதனால்தான்.

அவருடைய கேள்வி புசல்லாவைக்கு மற்ற எந்த ஊரையும்விட அதிகமாகப் பொருந்தும். 1841இல் மொரிஸ் வோம்ஸ் சீனாவிலிருந்து தேயிலைக் கன்றுகளைக் கொண்டுவந்து நட்டது ரொத்சைல்ட் தோட்டத்தில். அப்போது இந்த மலைகளில் பரவிக்கொண்டிருந்தது கோப்பி. காட்டை வெட்டி எரித்து, ஒரு புல்லும் முளைக்காமல் சுத்தமாகக் களை எடுப்பதே நல்ல தோட்டத்துக்கு இலக்கணம் என்று துரைமார் நினைத்தார்கள். 1869இல் வந்த இலைநோய் கோப்பியை அழித்தது. அதற்கு முன்பே மேல்மண்ணும் ஆறுகளோடு போகத் தொடங்கியிருந்தது. தேயிலை வந்த பிறகும் களை சுரண்டும் சுரண்டி ஓயவில்லை. புல்லை வெட்டுகிறோம் என்று நம் பாட்டன் பாட்டிமார் கூலிக்குச் சுரண்டியதில் புல்லோடு மண்ணும் போனது. இன்று நாம் கொத்தும் செம்மண், ஒரு காலத்தில் அடிமண்ணாக இருந்தது.

இந்தச் சரிவில், சுழலும் கத்திகள் மாட்டிய ரோட்டவேட்டரை ஓட்டினால் என்ன நடக்கும்? கத்திகள் நாலு, ஐந்து அங்குல ஆழத்துக்கு மண்ணை மாவாக்கும். பார்க்க அழகாக இருக்கும். அதன் கீழே, கத்தி நுனி தேய்த்துத் தேய்த்து, ஒரு கெட்டித் தட்டு உருவாகும். மேலே பெய்யும் மழை மாவில் இறங்கி, தட்டில் முட்டி, பக்கவாட்டில் ஓடத் தொடங்கும். போகும்போது மாவையும் அள்ளிக்கொண்டு போகும். ஓர் ஏக்கரில் ஒரு மில்லிமீற்றர் மண் போனால் 4 கன மீற்றர், ஏறத்தாழ 5 தொன். ஒரு மில்லிமீற்றர் குறைந்ததை யாரும் கண்ணால் காண முடியாது. காலையில் கான் நிறையச் செந்தண்ணீர் ஓடுவதைக் காணலாம். அது கொத்மலை நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் கொண்டுவந்த மழையில் மலையகம் பட்டதை நாம் மறக்கமாட்டோம். அந்த ஆழமான மண்சரிவுகளை ஒரு சின்ன வண்டியின் தலையில் கட்டுவது நேர்மையாகாது. அவற்றுக்குக் காரணங்கள் வேறு. ஆனால் மேல்மண் கழுவிப் போவது ஒவ்வொரு பருவத்திலும் நடக்கிறது, அதைத் தடுப்பது நம் கையில் இருக்கிறது.

அப்படியானால் வண்டி வேண்டாமா? வேண்டும். எந்த வண்டி, எந்த வேலைக்கு என்பதுதான் கேள்வி.

நானே ஒருமுறை பிழை செய்தேன். எங்கள் அரை ஏக்கருக்கு, பாவித்த டீசல் வண்டி ஒன்றை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினேன். 350 கிலோ இருக்கும். வீதியிலிருந்து தோட்டத்துக்கு இறங்க அறுபது படிகள். எட்டுப் பேர் சேர்ந்து கயிறு கட்டி இறக்கினோம். இறக்கிய பிறகு, மேலே ஏற்ற எட்டுப் பேர் கிடைக்கவில்லை. அன்றிலிருந்து, வண்டி வாங்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் கேட்கும் முதல் கேள்வி குதிரைவலுவைப் பற்றியதல்ல. "தம்பி, வீதியிலிருந்து வயலுக்கு எப்படிக் கொண்டுபோவீங்க?"

படி இறங்க வேண்டிய இடமென்றால், 100 கிலோவுக்குள் நிற்கும் சின்னப் பெற்றோல் வண்டிதான் சரி. கம்பில் கட்டி நாலு பேர் தூக்கலாம். இதில் பலவற்றுக்குச் சில்லு கிடையாது. சில்லு இருக்க வேண்டிய அச்சிலேயே கத்திகள் இருக்கும். கத்தி மண்ணைக் கிளறுவதோடு வண்டியை முன்னால் இழுத்துக்கொண்டும் போகும். பின்னால் மண்ணில் ஊன்றும் கம்பி ஒன்று உண்டு. அதை அழுத்தினால் வண்டி நின்று தோண்டும், தளர்த்தினால் ஓடும். புதியவர்கள் வண்டியை முழுப் பலத்தோடு பிடித்து இழுத்துக் களைத்துப்போவார்கள். கம்பியை அழுத்தப் பழகினால் கைக்கு வேலை பாதியாகும். சரிவில் இந்த வண்டி கீழ்நோக்கி நழுவிக்கொண்டே இருக்கும் என்பதால், மேல்பக்கம் நின்றுதான் பிடிக்க வேண்டும். கீழ்ப்பக்கம் நின்றால் அது உங்கள்மேல்தான் வரும்.

இரண்டாவது, படித்தட்டின் அகலம். கல்கட்டுக்கு மேலே நாலைந்து அடி அகலத்தில் இருக்கும் தட்டுகளில் வண்டி போகும், திரும்பாது. கடைசியில் ஒவ்வொரு முறையும் தூக்கித் திருப்ப வேண்டிவரும். அங்கே முள்ளுதான் வேகம். கத்தி கல்கட்டின் விளிம்பை நெருங்கினால், தாத்தா அடுக்கிய கல் ஒரு மணி நேரத்தில் சரிந்துவிடும். விளிம்பிலிருந்து இரண்டடி விட்டு ஓட்டுங்கள். அந்த இரண்டடியில் புல் நிற்கட்டும்.

பின்கியர் உள்ள வண்டியில் ஓர் எச்சரிக்கை. கத்தி சுற்றிக்கொண்டிருக்கும்போது பின்னால் எடுக்காதீர்கள். இந்த வண்டிகளில் மிக மோசமான காயங்கள் காலில்தான் படுகின்றன. பின்னால் வரும் வண்டிக்கும் கல்லுக்கும் நடுவில் ஆள் சிக்கிக்கொள்வதால் வருபவை அவை. பின்கியர் போட்டதும் கத்தி தானாக நிற்கும் பூட்டு இருக்கிறதா என்று கடையிலேயே ஓட்டிப் பாருங்கள். பழைய வண்டியில் யாராவது அதைக் கழற்றி எறிந்திருந்தால் அந்த வண்டியை வாங்காதீர்கள். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும்.

ஈர மண்ணில் ஓட்டுவது பற்றி நீளமாகச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு பிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். தட்டினால் உதிராமல் உருண்டையாகவே நின்றால் அன்று வண்டியை வெளியே எடுக்காதீர்கள்.

பெரிய டீசல் வண்டிக்கு இங்கே நல்ல இடங்கள் இரண்டு. ஒன்று பள்ளத்தாக்கு வயல். தண்ணீர் கட்டி, இரும்புச் சில்லு மாட்டி, சேறடிக்க அதைவிட நல்ல வண்டி இல்லை. வரம்புக்குள் தண்ணீர் நிற்பதால் மண்ணும் எங்கும் போகாது. இரண்டாவது, பெட்டி. மாட்டெருவையும் விறகையும் மரக்கறி மூட்டையையும் தலையில் சுமந்த பெண்களின் கழுத்தை இந்தப் பெட்டி காப்பாற்றியிருக்கிறது. அதுவே அந்த வண்டி மலையகத்துக்குச் செய்த மிகப் பெரிய உதவி என்று நான் நினைக்கிறேன். எஞ்சின் கப்பியில் பட்டி மாட்டித் தண்ணீரும் இறைக்கலாம்.

ஐரோப்பிய மலைநாடுகளில் இருசில்லு வண்டியை வேறு விதமாகப் பாவிக்கிறார்கள். இத்தாலியின் பி.சி.எஸ். கம்பெனி 1943இல் தொடங்கியது புல்வெட்டும் வண்டியோடு. அல்ப்ஸ் சரிவுகளில் முன்னால் வெட்டுக்கத்தியோடு அது புல் அறுக்கிறது. அங்கே அதன் வேலை சரிவை உழுவதல்ல. நம் சரிவுக்கும் அந்த வழி பொருந்தும். வேரை மண்ணில் விட்டு, புல்லை வெட்டி, வெட்டியதை அங்கேயே மூடாக்காகப் போடலாம்.

சரிவை என்ன செய்வது என்பதற்கு விஜேவர்தனவும் அவரைப் போன்றவர்களும் காட்டிய வழி வேலி. 1970களில் பிலிப்பைன்ஸின் மின்டனாவோ தீவில் இதை ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார்கள். சமமட்டக் கோட்டில் சில மீற்றர்களுக்கு ஒன்றாக இரட்டை வரிசைச் செடிகள். இங்கே அதற்கு வாய்ப்பான மரம் கிளிரிசீடியா, கிராமத்தார் சொல்லும் கினிசீரியா. தேயிலைக்கு நிழல் தரும் அதே மரம். கிளையை ஊன்றினால் தளிர்க்கும். குழையை வெட்டிப் பாத்தியில் போட்டால் தழைச்சத்து. மேலிருந்து வரும் மண் வேலியில் தங்கி, சில வருடங்களில் தானாகவே தட்டு உருவாகும். கோடு பிடிக்க மூன்று தடி, ஒரு கயிறு, ஒரு கல் போதும். தடிகளை ஆங்கில எழுத்து A வடிவில் கட்டி, உச்சியிலிருந்து கல்லைத் தொங்கவிட்டு, கயிறு நடுக்குறியைத் தொடும்வரை ஒரு காலை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். பாடசாலைப் பிள்ளைகளே ஒரு மலையை ஒரு நாளில் அளந்துவிடுவார்கள்.

ஆனால் வேலி வளர வருடங்கள் வேண்டும். அத்தனை வருடம் அந்த மண் தன்னிடம் இருக்கும் என்று தோட்டத்தில் வாழ்பவர் எப்படி நம்புவார்? தனிவீட்டுத் திட்டங்களில் ஒரு குடும்பத்துக்குக் கிடைத்தது 7 பேர்ச்சஸ், ஏறத்தாழ 177 சதுர மீற்றர். வீட்டைக் கழித்தால் மிஞ்சுவது கீரைப்பாத்திக்குக் காணும். மற்றதெல்லாம் வாய்மொழி அனுமதியில் கொத்தும் நிலம். அடுத்த வருடம் துரை மாறினால் அனுமதியும் மாறலாம். 1951இலிருந்து நாட்டில் மண் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. காணி உறுதி இல்லாதவரிடம் போய் மண்ணைக் காப்பாற்று என்றால், யாருடைய மண்ணை என்று அவர் கேட்பார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. வண்டியை வாடகைக்கு எடுத்து, ஒரே நாளில் முழுச் சரிவையும் மாவாக்கி, ஒரு போகத்தில் எடுக்கக்கூடியதை எடுத்துக்கொள்ள நினைப்பவரைக் குறைசொல்ல எனக்கு மனம் வருவதில்லை. காணி உரிமையும் மண் பாதுகாப்பும் ஒரே கோரிக்கையின் இரண்டு வரிகளாக எழுதப்பட வேண்டும்.

என் பெரிய வண்டி இரண்டு வருடம் கீழேயே நின்றது. பிறகு பள்ளத்தாக்கில் வயல் செய்யும் அயலவர் ஒருவர் வந்து பார்த்தார். மேலே ஏற்ற வேண்டாம், கீழ்ப்பாதையால் வயலுக்கே இறக்கிவிடலாம் என்றார். இறக்கத்தைப் பார்த்து, எஞ்சினை முடுக்கும்முன் இரண்டு திருப்பும் பிடிகளையும் துணியால் சுற்றிக் கட்டினார். "கை மறந்துபோய் அழுத்தும் அண்ணே, கட்டிவைக்கிறதுதான் நல்லது" என்றார். வண்டி நேராக இறங்கிப் போனது. அது நின்ற தட்டில் இப்போது போஞ்சி, மேல் விளிம்பில் கினிசீரியா இரண்டாவது முறை வெட்டத் தயாராக நிற்கிறது.