அதற்கு நான் ஆள் இல்லை

கடவுள் எகிப்துக்குப் போகச் சொன்னபோது மோசே ஐந்து முறை தட்டிக்கழிக்கப் பார்த்தார் என்கிறது விவிலியத்தின் யாத்திராகமம். அரசன் முன் போய் நிற்க நான் யார் என்று தொடங்கினார். அனுப்பியவர் பெயரைக் கேட்டால் என்ன சொல்ல, சொன்னாலும் நம்பாவிட்டால் என்ன செய்ய, எனக்கோ வாய் திக்கும் என்று அடுக்கினார். கடைசியில், வேறு யாரையாவது அனுப்பிவிடும் என்றே கேட்டுவிட்டார். இதில் எதையும் வெறும் சாக்கு என்று தள்ளிவிட முடியாது. அப்போது அவருக்கு 80 வயது. ஒருவனை அடித்துக் கொன்றுவிட்டு எகிப்தை விட்டு ஓடிவந்தவர். மாமனாரின் ஆடுகளை மேய்த்துக்கொண்டிருந்தவர். அவருக்குக் கிடைத்த பதிலில் இல்லாத ஒன்றுதான் முதலில் என் கண்ணில் படுகிறது. உன் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, தைரியமாகப் போ என்று கடவுள் சொல்லவில்லை. திக்குகிற வாயைக் குணமாக்கியதாகவும் கதையில் இல்லை. கூட இருக்கிறேன் என்றார்; பேசுவதற்கு அண்ணன் ஆரோனைச் சேர்த்துவிட்டார். குறை இருந்த இடத்திலேயே இருக்க, வேலை நடந்தது.

ஊழியம் என்று கிறிஸ்தவர்கள் சொல்வது பிரசங்கத்தோடு நின்றுவிடுவதில்லை. ஓய்வுநாள் பள்ளியில் பிள்ளைகளுக்குக் கதை சொல்வது, நோயாளியின் கட்டிலருகே உட்கார்ந்து ஜெபிப்பது, சபைக் கணக்கை ஒழுங்காக எழுதுவது, சபை விருந்தான அசனத்துக்குப் பாத்திரம் கழுவுவது எல்லாமே அதில் சேரும். இவற்றுக்கு ஆள் கேட்கும்போது சபைகளில் வருகிற பதில் நெடுங்காலமாக மாறவில்லை. எனக்கு வேத அறிவு போதாது, ஜெப வாழ்க்கை சரியில்லை, என் வீட்டிலேயே சமாதானம் இல்லை, நான் போய் யாருக்கு என்ன சொல்ல? இதற்குத் தயாராக இரண்டு மறுமொழிகள் உண்டு. உங்களால் முடியும் என்று தட்டிக்கொடுப்பது ஒன்று. எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று மெச்சி, ஆளை விட்டுவிடுவது மற்றொன்று. முதலாவது தன்னம்பிக்கை மேடைகளின் சரக்கு. விவிலியத்தில் அதற்கு ஆதாரம் தேடினால் கிடைப்பது சொற்பம். இரண்டாவது இன்னும் மோசம், பயத்துக்கு நல்ல பெயர் சூட்டிவிடுகிறது. தகுதியில்லை என்ற உணர்வு பெரும்பாலும் உண்மையைத்தான் சொல்கிறது என்பது என் கட்சி. ஆனால் இந்த வேலையில் இறங்கலாமா என்ற கேள்விக்கு அதனிடம் விடை கிடையாது. எப்படி இறங்குவது, எதைக் கற்றுக்கொள்வது, யாரைத் துணைக்குக் கூப்பிடுவது என்ற கேள்விகளுக்குத்தான் அது உதவும்.

அழைப்பைக் கேட்டதும் பின்வாங்குவது விவிலியத்தில் மோசேயோடு முடியவில்லை. மனாசே கோத்திரத்திலேயே எளிய குடும்பம் எங்களுடையது, அதிலும் நான் கடைசி என்கிறார் கிதியோன். மிதியானியருக்குப் பயந்து, திராட்சை ஆலையில் ஒளித்துவைத்துக் கோதுமை அடித்துக்கொண்டிருந்தவர் அவர். சிறுபிள்ளை என்கிறார் எரேமியா. அசுத்த உதடுகள் உள்ளவன் என்கிறார் ஏசாயா. ஆனால் இந்த வரிசையில் பிரசங்கங்கள் அதிகம் தொடாத ஒருவர் இருக்கிறார், அவர்தான் எனக்கு முக்கியமானவராகப் படுகிறார். இஸ்ரவேலின் முதல் அரசர் சவுலும் தன் கோத்திரம் சிறியது, குடும்பம் அற்பமானது என்றுதான் தொடங்கினார். கிதியோன் சொன்னதற்கும் அதற்கும் வேறுபாடு காண்பது கடினம். அரசராக அறிவிக்கத் தேடியபோது சாமான்களுக்கு நடுவே ஒளிந்திருந்தார். அந்தக் கூச்சம் பிறகு தாழ்மையாகக் கனியவில்லை. ஜனங்களுக்குப் பயந்து, கடவுள் சொன்னதைச் செய்யாமல் விட்டார், பிடிபட்டபோது பழியை ஜனங்கள் மேலேயே போட்டார், ஊரார் முன் தன் கௌரவத்தையாவது காப்பாற்றும்படி தீர்க்கதரிசி சாமுவேலிடம் கெஞ்சினார். தன்னைச் சிறியவன் என்று நினைப்பவன் நல்லவனாகத்தான் இருப்பான் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. நான் எப்படித் தெரிகிறேன் என்பதையே நினைத்துக்கொண்டிருப்பது கூச்சத்துக்கும் கர்வத்துக்கும் பொது.

இயேசு சொன்ன தாலந்து உவமையிலும் இதே பயம் வருகிறது. எஜமான் மூன்று வேலைக்காரரிடம் பணத்தைப் பிரித்துக் கொடுத்துவிட்டு வெளியூர் போகிறார். ஒரே ஒரு தாலந்து பெற்றவன் அதை மண்ணில் புதைத்துவைக்கிறான். பாவம், அவனுக்குக் கொஞ்சம்தானே கிடைத்தது என்று நாம் படித்துவிடுகிறோம். அந்தக் காலக் கணக்கில் ஒரு தாலந்து ஏறக்குறைய 6,000 தெனாரியம். ஒரு தெனாரியம் கூலியாளின் ஒருநாள் சம்பளம். ஓய்வுநாட்களைக் கழித்தால் ஒரு தொழிலாளி 20 ஆண்டுகள் உழைத்துச் சம்பாதிக்கும் தொகை அவன் கையில் இருந்தது. அவனை முடக்கியது பணத்தின் அளவு இல்லை. எஜமான் விதைக்காத இடத்தில் அறுக்கிற கடினமான மனிதர் என்று அவன் மனதில் வைத்திருந்த சித்திரம். கடவுளைத் தப்பு கண்டுபிடிக்கக் காத்திருக்கும் மேலதிகாரியாக நினைப்பவர் எதையும் புதைத்துத்தான் வைப்பார். காணிக்கைப் பெட்டியில் இரண்டு காசு போட்ட விதவையை இயேசு பாராட்டியதும் இதன் மறுபக்கம். அந்தக் காசால் ஆலயத்துக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. அவர் எதையும் பின்னுக்கு வைத்துக்கொள்ளவில்லை என்பதுதான் கணக்கில் வந்தது. முழுமனதோடு சேவிப்பது என்றால் இதுதான். திறமையின் அளவு அதில் சேராது.

விவிலியப் பாத்திரங்கள் பழங்காலத்தவர், மோசேயிடம் கடவுள் பேசிய எரியும் முட்செடிபோல அவர்களுக்கு ஏதாவது தெரிந்தது என்று ஒருவர் சொல்லலாம். அப்படி எதுவும் தெரியாதவர் ஒருவரைப் பார்ப்போம். பார்த்தலோமேயு சீகன்பால்கு 1682இல் ஜெர்மனியின் சாக்சனிப் பகுதியில் புல்ஸ்நிட்ஸ் என்ற சிற்றூரில் பிறந்தார். சிறுவயதிலேயே பெற்றோரை இழந்தார். நோயாளி; ஹாலே பல்கலைக்கழகப் படிப்பு உடல்நலக் குறைவால் பாதியில் நின்றது. இறையியல் படிக்கத் தனக்குத் தகுதி உண்டா என்ற ஐயமும் அவரை விடவில்லை. அத்தகையவர்தான் டென்மார்க் அரசரின் ஆதரவில், ஹென்ரிக் புளூட்சோவுடன் 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கினார். அப்போது வயது 24 நிறையவில்லை. ஊர்மொழி தெரியாது, டேனியத் தளபதிக்கு அவர்களைக் கண்டால் ஆகாது. இருவரும் வேலையைப் பங்கிட்டுக்கொண்டார்கள்: அந்தத் துறைமுகத்தில் வழங்கிய போர்ச்சுக்கீசியம் புளூட்சோவுக்கு, தமிழ் சீகன்பால்குக்கு. அவர் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுத்து எழுதிப் பழகினார். 1708க்குள் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ் நூல்களைத் திரட்டிப் பட்டியலிட்டிருந்தார். அதே ஆண்டு நவம்பரில் தளபதி ஹாசியஸ் அவரைப் பிடித்து நான்கு மாதம் சிறைவைத்தார். சிறைக்குச் சற்று முன்பு தொடங்கியிருந்த புதிய ஏற்பாட்டுத் தமிழ் மொழிபெயர்ப்பை 1711இல் முடித்தார். 1715இல் அது முழுமையாக அச்சேறியது.

இந்தக் கதையை வெற்றிக் கதையாக முடிக்கத்தான் எல்லோருக்கும் ஆசை. ஆனால் அவருடைய கடைசி ஆண்டுகள் அப்படி இல்லை. கோபன்ஹேகனில் மிஷன் பொறுப்பிலிருந்த வெண்ட், மிஷனரிகள் கட்டடம் கட்டிப் பள்ளி நடத்தாமல் அப்போஸ்தலர்போல ஏழைகளாகச் சுற்ற வேண்டும் என்று கடுமையாகக் குற்றம் சாட்டி எழுதினார். உடைந்த உடல்நலத்தோடு அந்தக் கண்டனமும் சேர, 1719 பிப்ரவரி 23 அன்று 36 வயதில் சீகன்பால்கு இறந்தார். பழைய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு ரூத் புத்தகத்தோடு நின்றிருந்தது. பின்வந்த பெஞ்சமின் சூல்ட்சே அதை முடித்தார். ஊழியத்தில் இறங்கிவிட்டால் குறையுணர்வு தானே கரைந்துபோகும் என்று ஆறுதல் சொல்பவர்களுக்கு இந்த வாழ்க்கை உதவாது. இருக்கட்டும். தனக்குத் தெரியாது என்பதை அறிந்திருந்ததால்தான் அவர் மணலில் உட்கார்ந்தார் என்பது மட்டும் என் வாதத்துக்குப் போதும்.

சரி, இந்தப் பேச்சு தயாரிப்பில்லாத ஊழியர்களுக்கு வசதியாகிவிடாதா? வேதத்தைப் புரட்டாமல் மேடையேறிவிட்டு, பலவீனத்தில்தான் கடவுளின் பலம் விளங்கும் என்று சொல்லித் தப்பிக்கிறவர்கள் இல்லையா? இருக்கிறார்கள். அவர்கள் துணைக்கு இழுக்கும் பவுல், பேச்சில் சோபிக்காதவர் என்று கொரிந்துவில் விமர்சிக்கப்பட்டவர்தான். தன் உடலில் இருந்த முள்ளை எடுத்துவிடும்படி மூன்று முறை வேண்டியும் அது எடுக்கப்படவில்லை. ஆனால் அவர் சோம்பேறி அல்ல. கூடாரத் தொழில் செய்து தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டவர். போதகராக எல்லோரும் முண்டியடிக்க வேண்டாம், போதிக்கிறவர்களுக்குத் தீர்ப்பு கடுமையாக இருக்கும் என்று யாக்கோபின் நிருபமும் எச்சரிக்கிறது. குரல் வராதவர் பாடகர் குழுவிலும் கணக்கு வராதவர் பொருளாளர் நாற்காலியிலும் உட்காரத்தான் வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. குறையுணர்வு காட்டும் திசையில் போய்க் கற்றுக்கொள்ளாதவர் அந்த உணர்வை மதித்ததாகச் சொல்ல முடியாது.

இதைவிட எனக்குக் கனமாகத் தோன்றும் ஆட்சேபம் ஒன்று உண்டு. மறுப்பதைத் தவறு என்று சொல்லிச் சொல்லியே சபைகள் சிலரைச் சக்கையாகப் பிழிந்துவிடுகின்றன. ஒரே பெண்மணி ஓய்வுநாள் பள்ளி, பெண்கள் ஐக்கியம், வீட்டுச் சந்திப்பு எல்லாவற்றையும் சுமந்து, சோர்ந்து, அந்தச் சோர்வையும் தன் விசுவாசக் குறைவு என்று நினைத்துக் கலங்குகிறார். முழுமனது என்றால் ஓயாமை என்று யார் சொன்னது? வனாந்தரத்தில் காலைமுதல் மாலைவரை தனியாக உட்கார்ந்து வழக்கு விசாரித்த மோசேயைப் பார்த்து, இது நல்லதல்ல, நீயும் தளர்ந்துபோவாய், ஜனங்களும் தளர்ந்துபோவார்கள், பொறுப்பைப் பிரித்துக்கொடு என்றவர் அவருடைய மாமனார் எத்திரோ. மருமகன் கேட்டுக்கொண்டார். என்னால் எதுவும் முடியாது என்பதும் எல்லாவற்றையும் நானே செய்ய வேண்டும் என்பதும் ஒரே மனிதனிடம் இருக்கலாம். இரண்டுக்கும் விவிலியம் தரும் மருந்து, பக்கத்தில் இன்னொரு ஆள்.

இதுவரை பேசியது ஒருவர் தன்னைப் பற்றித் தானே நினைப்பது. தகுதி இல்லை என்று மற்றவர்கள் ஒட்டிவைக்கும் முத்திரை வேறு வகை, அதை உள்மனப் பிரச்சினையாகப் பேசி ஆறுதல் சொல்வது அநியாயம். 1733இல் தரங்கம்பாடி மிஷன், ஆரோன் என்பவரை முதல் இந்தியப் போதகராக அபிஷேகம் செய்தது. அதே காலத்தில், அச்சிட்ட தமிழ்ச் சுவிசேஷங்களைப் படித்து அந்தச் சபைக்கு வந்த ராஜநாயக்கன், தஞ்சைச் சீமையில் உபதேசியாராக உழைத்துக்கொண்டிருந்தார். படைவீரராக இருந்தவர், பறையர் சமூகத்தில் பிறந்தவர். அவரைப் போதகராக்கலாம் என்ற யோசனை எழுந்து அடங்கிப்போனது. மேல்சாதிக் கிறிஸ்தவர்கள் அவர் கையிலிருந்து நற்கருணை வாங்க மாட்டார்கள் என்று மிஷனரிகள் அஞ்சினார்கள். 1741இல் அபிஷேகம் பெற்றவர் வேறொருவர். இங்கே தகுதிக் குறைவு யாரிடம் இருந்தது என்று விளக்க வேண்டியதில்லை. ராஜநாயக்கன் 1771இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே. சா. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனபோதும், இந்தியர் ஒருவர் அந்தப் பொறுப்புக்குத் தயாரா என்ற முணுமுணுப்பு எழுந்தது. அவர் பொறுப்பேற்ற தெலுங்கு நாட்டு தோர்ணக்கல் வட்டாரத்தில் சபைக்கு வந்தவர்களில் மிகப் பலர் மாலா, மாதிகா சமூகங்களைச் சேர்ந்த விவசாயக் கூலிகள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். ஞானஸ்நானம் பெற்ற அன்றே அவர்கள் தங்கள் தலையில் கைவைத்து, சுவிசேஷம் சொல்லாவிட்டால் தமக்குக் கேடு என்று பவுலின் சொற்களில் உறுதி சொல்லும்படி செய்தார் அசரியா. வேதம் கற்று முடிக்கும்வரை காத்திருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கற்பிக்கும் வேலை பின்னால் தொடர்ந்து நடந்தது, ஊர் ஆசிரியர்களும் ஆயர்களும் அவர்களுக்குள்ளிருந்தே வந்தார்கள். அவர் 1945இல் இறந்தபோது அந்தப் பேராயத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட விசுவாசிகள் இருந்தார்கள். அவர்களில் பலருக்கு முதலில் செய்தி சொன்னவர் பக்கத்து ஊர்க்காரரோ உறவுக்காரரோதான்.