உடல் நலம்: சாப்ட்பால் ஆடும் பிள்ளைக்கு முகக் கவசம் ஏன்?



ஒரு காலத்தில் தோட்டத்துத் திடலில் பந்து விளையாட்டு என்றால் காற்பந்து ஒன்றுதான். இரண்டு பக்கமும் இரண்டு கம்பு நட்டால் ஆட்டம் தொடங்கிவிடும். இன்று நிலைமை மாறிவிட்டது. பள்ளிக்கூடத்து உடற்கல்விப் பாடத்திலேயே ரவுண்டர்ஸ், கிரிக்கெட், சாப்ட்பால் என்று மட்டையால் அடித்து ஆடும் ஆட்டங்கள் இருக்கின்றன. இடைநிலைப் பள்ளிக்குப் போனால் சாப்ட்பால் குழுவில் சேர்ந்து மற்றப் பள்ளிகளோடு மோதும் வாய்ப்பும் கிடைக்கிறது. லூபோக் சீனா, மஸ்ஜித் தானா, அலோர் காஜா வட்டாரத்தில் நம் வீட்டுப் பெண் பிள்ளை ஒருத்தி கையுறையை மாட்டிக்கொண்டு திடலில் நின்றால், பெற்றவர்கள் பெருமைப்பட வேண்டும். அதே நேரத்தில் ஒரு கேள்வியும் கேட்க வேண்டும். "கைக்கு உறை இருக்கிறதே, முகத்துக்கு என்ன இருக்கிறது?"

இங்கே முகக் கவசம் என்பது கோவிட் காலத்தில் நாம் மூக்கையும் வாயையும் மூடிக் கட்டிக்கொண்ட துணி அல்ல. நெற்றி முதல் தாடை வரை முகத்தின் முன்னால் நிற்கும் கம்பிக் கூடு அது. கெட்டியான பிளாஸ்டிக்கிலும் செய்கிறார்கள். உள்பக்கம் நெற்றியிலும் தாடையிலும் படும் இடத்தில் மெத்தை வைத்திருக்கும். தலைக்குப் பின்னால் பட்டை போட்டு இறுக்கிக்கொள்ளலாம்.

பெயரைக் கேட்டு ஏமாற வேண்டாம்

'சாப்ட்' என்றால் மென்மை. அதனால் பலர் இதைப் பஞ்சுப் பந்து என்றே நினைத்துவிடுகிறார்கள். 1887-இல் அமெரிக்காவின் சிகாகோ நகரில் ஒரு கட்டடத்துக்குள் முதன்முதலாக இதை ஆடியபோது, குத்துச்சண்டைக் கையுறையைச் சுருட்டிக் கட்டித்தான் பந்தாக வைத்துக்கொண்டார்களாம். பெயரில்தான் இன்னும் அந்த மென்மை இருக்கிறது. இப்போது ஆட்டத்தில் உள்ள பந்து கெட்டியானது. சுற்றளவு 12 அங்குலம், எடை ஏறக்குறைய 180 முதல் 200 கிராம். கையில் வாங்கிக் கட்டை விரலால் அமுக்கிப் பாருங்கள், அமுங்காது.

யாருக்கு அதிக ஆபத்து?

மட்டை பிடிப்பவருக்குத்தான் ஆபத்து என்று நாம் நினைப்போம். அவர் தலையில் ஹெல்மெட் இருக்கிறது. அவருக்குப் பின்னால் உட்கார்ந்து பந்து பிடிக்கும் கேட்சருக்கு முகக் கவசம் கட்டாயம். அந்தக் கவசம் வந்த கதை பழையது. அமெரிக்காவின் ஹார்வர்டு கல்லூரியில் பேஸ்பால் ஆடிய பிரெட் தேயர் என்பவர், வாள் சண்டைக்காரர்கள் அணியும் முகக் கூட்டைப் பார்த்துக் கேட்சருக்கும் அதுபோல் ஒன்று செய்தார். 1878-இல் அதற்குக் காப்புரிமையும் பெற்றார். தொடக்கத்தில் அதை மாட்டியவர்களைப் பார்த்துச் சிரித்தார்கள். இன்று கவசம் இல்லாத கேட்சரைத் திடலிலேயே விடமாட்டார்கள்.

ஆனால் பந்து வீசும் பிள்ளை? முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் நிற்கும் பிள்ளைகள்? பல இடங்களில் இவர்கள் வெறும் முகத்தோடுதான் நிற்கிறார்கள்.

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பெரிய பெண்கள் ஆட்டத்தில் பந்து வீசும் இடம் 43 அடி தூரத்தில் இருக்கிறது. சிறு பிள்ளைகளுக்கு இன்னும் குறைவு. வீசும்போது ஒரு நீள அடி முன்னால் எடுத்து வைப்பதால், வீசி முடித்தபின் மட்டைக்கும் அவள் முகத்துக்கும் ஏறக்குறைய 11 மீட்டர்தான் இருக்கும். அடித்த பந்து மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வந்தால், அந்தத் தூரத்தைக் கடக்க அரை விநாடிகூட ஆகாது. பந்தைக் கண் பார்த்து, மூளை புரிந்துகொண்டு, கை அசையத் தொடங்கவே விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு போய்விடுகிறது. மீதி நேரத்தில் கையுறை முகத்துக்கு முன்னால் வந்தாக வேண்டும். அதுவும் அவள் வீசிய வேகத்தில் உடம்பு சாய்ந்து, கை கீழே இருக்கிற நேரம் அது.

மூன்றாம் பேஸில் நிற்பவளுக்கு வேறொரு ஆபத்து. மட்டைக்காரி பந்தைத் தட்டிவிடப் போகிறாள் என்று நினைத்து இவள் முன்னால் ஓடி வருவாள். அந்த நேரம் பார்த்து மட்டைக்காரி ஓங்கி அடித்துவிட்டால்? "என் மகள் கெட்டிக்காரி, பிடிச்சிடுவா"ன்னு சொல்லாதீங்க. கெட்டிக்காரியாக இருப்பதால்தான் அவளை அந்த இடத்தில் நிறுத்துகிறார்கள்.

கிரிக்கெட்டில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும். இந்தியாவுக்காக ஆடிய ராமன் லம்பா 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டத்தில் மட்டைக்காரருக்கு மிக அருகில் பந்து தடுக்க நின்றார். அந்த ஓவரில் மூன்று பந்துகளே மீதி இருந்ததால் ஹெல்மெட் வேண்டாம் என்று இருந்துவிட்டார் என்று சொல்லப்படுகிறது. அடித்த பந்து தலையில் பட்டது. தானே எழுந்து நடந்து போனவர் சில நாட்களில் இறந்துவிட்டார். வயது 38. அவர் எத்தனையோ ஆண்டுகள் ஆடிய அனுபவசாலி. நம் பிள்ளைக்கு வயது பன்னிரண்டோ பதினான்கோதான்.

முகத்தில் பட்டால் என்ன ஆகும்?

மூக்கெலும்பு, கன்ன எலும்பு, தாடை உடையலாம். முன்பற்கள் விழலாம். எல்லாவற்றையும் விடப் பெரிய பயம் கண்ணுக்குத்தான்.

கண் குழியின் அடித்தளம் மெல்லிய எலும்பு. அடி பலமாக விழுந்தால் அது உடையும். சிறு பிள்ளைகளின் எலும்பு வளைந்து கொடுப்பதால், உடைந்த எலும்பு கதவுபோல் திறந்து மூடி, கண்ணை அசைக்கும் தசையைக் கவ்விக்கொள்வதும் உண்டு. வெளியே பார்த்தால் கண் வெள்ளையாகவே இருக்கும், வீக்கம்கூட அதிகம் இருக்காது. ஆனால் மேலே பார்க்கச் சொன்னால் அந்தக் கண் மேலே போகாது. ஒன்று இரண்டாகத் தெரியும். தலை சுற்றி வாந்தி வரும். வெயில் பட்டதால் வாந்தி என்று படுக்க வைத்துவிடாதீர்கள். தாமதித்தால் தசை கெட்டுப்போகும். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

கண்ணுக்குள் இரத்தம் தேங்குவதும் உண்டு. கருவிழிக்குப் பின்னால் சிவப்பாக ஒரு கோடு தெரிந்தால் அது ஆபத்தின் அடையாளம். இன்னொன்று, பார்வைத் திரை கிழிவது அல்லது பிரிவது. அடிபட்ட அன்றே தெரியாமல், வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்துக்கூட இது வரலாம். மின்னல்போல் வெளிச்சம் அடித்தாலோ, கரும்புள்ளிகள் மிதந்தாலோ, ஒரு பக்கம் திரை விழுந்ததுபோல் மறைத்தாலோ அடுத்த நாளுக்குத் தள்ளிப் போடக்கூடாது.

இது சாப்ட்பாலுக்கு மட்டும் உள்ள கதையும் அல்ல. பேட்மிண்டனால் கண்ணுக்கு வரும் ஆபத்துகளைப் பற்றி நம் நாட்டு மருத்துவர் ஒருவர் 1974-லேயே பிரிட்டனின் கண் மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார். இறகுப் பந்துக்கே அந்த நிலை.

கவசம் வாங்கும்போது பார்க்க வேண்டியவை

சாப்ட்பால் தடுப்பாளர்களுக்கென்றே செய்த கவசமாக இருக்க வேண்டும். பட்டறையில் கம்பியை வளைத்துப் பற்றவைத்த கூடு வேண்டாம். அடிபட்டால் கம்பி முனையே முகத்தைக் கிழித்துவிடும். மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டும் இதற்கு உதவாது.

பிள்ளையின் முகத்தில் மாட்டிப் பாருங்கள். தலையை ஆட்டினால் கவசம் ஆடக்கூடாது. கம்பி கண்ணுக்கு நேராக வந்து மறைக்கக்கூடாது. கீழே உருளும் பந்து, மேலே எழும் பந்து இரண்டும் தெரிய வேண்டும். கண்ணாடி அணியும் பிள்ளையானால் கண்ணாடியோடு மாட்டிப் பாருங்கள். வெறும் கண்ணாடி கவசம் ஆகாது. உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும்.

வாரம் ஒரு முறை கவசத்தைச் சோதியுங்கள். கீறல் விட்டது, வளைந்தது, துருப்பிடித்தது, மெத்தை பிய்ந்தது எதுவானாலும் மாற்ற வேண்டும். ஆட்டத்துக்குப் போகும்முன் மூக்குத்தி, தொங்கட்டான், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் கவசம் முகத்தைத்தான் காக்கும். தலையின் பின்பக்கத்தைக் காக்காது, மூளை அதிர்ச்சியையும் முழுதாகத் தடுக்காது. கவசம் இருக்கிறதே என்று பயிற்சியில் கவனம் குறையக்கூடாது.

அடிபட்டுவிட்டால்

கண்ணில் பட்டால் தேய்க்கக்கூடாது, அழுத்தக்கூடாது. தாய்ப்பால் விடுவது, விளக்கெண்ணெய் விடுவது, மஞ்சள் பற்றுப் போடுவது எதுவும் வேண்டாம். ஒரு பிளாஸ்டிக் குவளையின் அடிப்பாகத்தைக் கண்ணைத் தொடாமல், சுற்றியுள்ள எலும்பின் மேல் நிற்கும்படி வைத்து ஒட்டுங்கள். தலையை உயர்த்தி உட்கார வைத்து மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். வலிக்கு ஆஸ்பிரின் கொடுக்காதீர்கள், இரத்தம் கசிவது அதிகமாகும். முகத்தில் அடிபட்ட பிள்ளை மூக்கைப் பலமாகச் சிந்தவும் கூடாது.

மூக்கில் இரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிக்காதீர்கள். முன்னால் குனிய வைத்து, மூக்கின் மென்மையான பாகத்தைப் பத்து நிமிடம் விடாமல் பிடியுங்கள்.

நிலையான பல் விழுந்தால் வேரைத் தொடாமல் பல்லின் மேல்பக்கத்தைப் பிடித்து எடுங்கள். மண் இருந்தால் பாலில் லேசாக அலசி, வந்த இடத்திலேயே பொருத்தலாம். முடியாவிட்டால் பாலில் போட்டு ஒரு மணி நேரத்துக்குள் பல் மருத்துவரிடம் சேருங்கள். பால்பல்லை மட்டும் திரும்பப் பொருத்தக்கூடாது.

மயக்கம், திரும்பத் திரும்ப வாந்தி, தூங்கித் தூங்கி விழுதல், உளறல் இருந்தால் 999-ஐ அழையுங்கள். "ஒரு நாள் சம்பளம் போயிடுமே, சாயங்காலம் பார்ப்போம்" என்று காத்திருக்க வேண்டாம். பக்கத்து கிளினிக்கில் காட்டினாலும், கண் அடி என்றால் அலோர் காஜா மருத்துவமனைக்கோ மலாக்கா பொது மருத்துவமனைக்கோ அனுப்பச் சொல்லிக் கேளுங்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது

இதைப் படித்துவிட்டு, "முகத்தில தழும்பு விழுந்தா யார் கட்டுவா? பெண் பிள்ளைக்கு இந்த ஆட்டமே வேணாம்" என்று சிலர் சொல்லக்கூடும். அது தவறு. செம்பனைக் குலை வெட்டுவது ஆபத்து என்று நாம் வேலைக்குப் போகாமல் இருக்கிறோமா? தலைக்கு ஹெல்மெட் கேட்கிறோம், கண்ணுக்குக் கண்ணாடி கேட்கிறோம். கேட்டு வாங்குவதற்குத்தான் சங்கம் வைத்திருக்கிறோம். பிள்ளை விஷயத்திலும் அதே வழிதான்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் எழுந்து கேளுங்கள். தடுப்பாளர்கள் முகக் கவசம் அணிய ஆட்ட விதி இடம் கொடுக்கிறது. அமெரிக்காவில் பள்ளிப் பெண்கள் பலர் அணிந்துதான் ஆடுகிறார்கள். ஒரு குழுவில் ஒன்பது பேருக்கும் ஒரே நாளில் வாங்க வேண்டியதில்லை. பந்து வீசுபவர், முதல் பேஸ், மூன்றாம் பேஸ் என்று மூன்று கவசங்களில் தொடங்கலாம். நான்கைந்து குடும்பங்கள் சேர்ந்தால் சுமை குறையும். பயிற்சியின்போதும் அணிய வேண்டும். ஆட்ட நாளைவிடப் பயிற்சி நாட்கள்தான் அதிகம்.

தொழிலாளிக்கு வேலையில் அடிபட்டால் சொக்சோ இருக்கிறது. திடலில் அடிபட்ட பிள்ளைக்கு அது வராது. மாணவர் காப்புறுதி உண்டா, எதற்கெல்லாம் உண்டு என்று பள்ளியில் இப்போதே கேட்டு வையுங்கள். மருத்துவமனைத் தாள்களைப் பத்திரப்படுத்துங்கள்.

கவசம் மாட்டிய பிள்ளையைப் "பயந்தாங்கொள்ளி" என்று மற்றப் பிள்ளைகள் கேலி செய்வார்கள். குழுவில் நன்றாக ஆடும் மூத்த பிள்ளை முதலில் மாட்டினால் கேலி நின்றுவிடும். பயிற்சி ஆசிரியரிடம் அதையும் சொல்லி வையுங்கள். அடுத்த பயிற்சி எந்த நாள் என்று இன்றைக்கே உங்கள் மகளிடம் கேளுங்கள். அந்த நாளுக்குள் பேச வேண்டியவர்களிடம் பேசி முடியுங்கள்.