கழிமுள்ளி

நெய்தல் நிலத்துச் செய்யுட்களைப் பயிலும் மாணவர்க்கு முண்டகம் என்னுஞ் சொல் புதியதன்று. ஆயினும் அஃது யாதென வினவின், நிகண்டினை நம்பித் தாமரை என்பாரும் உளர். தாழை என்பாரும் உளர். உவர்நீர்க் கழியைப் பாடும் பாட்டில் தாமரைக்கு இடமேது? ஆண்டுக் குறிக்கப்பெறுவது கழிமுள்ளி என்னுஞ் செடியே. குறுந்தொகையில் முண்டகத்தைப் பேசுங்கால் அம்மூவனார் அணிலின் பல்லை உவமையாக்கினார். அவ்வுவமையின் நயத்தை உரைநூலில் தேடுவதினும் செடியினிடத்தே தேடுதல் எளிது. ஆதலின் அச்செடியின் இயல்பினை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

கழிமுள்ளி ஏறக்குறைய ஓராள் உயரம் வளரும் புதர்ச்செடி. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் கழிகளின் சேற்றுக்கரையில் அடர்ந்து வளரும். பிச்சாவரத்துக் கழிகளில் இதனைக் காணலாம். இலைகள் தடித்துப் பளபளப்பன, எதிரெதிராக அமைவன, விளிம்பு நெளிந்து, நெளிவுதோறும் ஒரு கூர்முள் உடையன. நிழலில் வளரும் செடிகளிற் சில முள்ளின்றியும் இருத்தலுண்டு. கிறிஸ்துமஸ் வாழ்த்து மடல்களில் ஹாலி என்னும் மேனாட்டுச் செடியின் முள்ளிலையை நாம் கண்டிருக்கின்றோம். இதன் இலையும் அதனை ஒத்திருத்தலின், ஹாலியிலை போன்ற இலையுடைய அகாந்தஸ் என்று பொருள்படும் பெயரை 1753-ஆம் ஆண்டில் லின்னேயஸ் இதற்கு இட்டார். அகாந்தஸ் என்பதும் முள்ளைக் குறிக்குங் கிரேக்கச் சொல்லடியாகப் பிறந்ததே. எனவே முள்ளி என்ற நம் பெயரும் அப்பெயரும் ஒரு பொருளனவாதல் காண்க.

இதன் பூ நீலமும் ஊதாவும் கலந்த நிறத்தது. அதற்கு மேலிதழ் இல்லை. அகன்ற கீழிதழ் ஒன்றே உண்டு. காய் முற்றி உலர்ந்ததும் திடீரென வெடித்து, உள்ளிருக்கும் நான்கு வரையிலான விதைகளைத் தொலைவில் எறியும்.

இனி, இச்செடி உப்பினைத் தாங்குமாறு யாங்ஙனம்? ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறக்குறைய 35 கிராம் உப்பு உண்டு. வயற்பயிருக்கு அந்நீரைப் பாய்ச்சினால், நீர் நடுவே நின்றும் பயிர் வாடிவிடும். மண்ணில் மிகுந்த உப்பு, வேர் நீரை உறிஞ்ச ஒட்டாது தடுத்தலே காரணம். கழிமுள்ளியோ உப்பில் ஒரு பகுதியை வேரிலேயே தடுத்து நிறுத்துகின்றது. அதனையும் மீறி உட்புகும் உப்பை, இலையிலுள்ள நுண்ணிய சுரப்பிகள் வழியே வெளியேற்றுகின்றது. வெயில் ஏறியபின் இலைமேல் வெண்மணிகளாய்ப் படிந்திருப்பது அவ்வுப்பே. மழை வந்து அதனைக் கழுவிச் செல்லும்.

இதனைக் கண்டு, இச்செடி உப்பினை விரும்புகின்றது என்று கருதுதல் பிழையாகும். உப்பை வெளியேற்றுதல் செடிக்கு ஓயாத உழைப்பு. அவ்வுழைப்பிற்கும் எல்லையுண்டு. நன்னீர் வந்து கலக்குமிடத்தே இது செழிக்கும். உவர் மிகமிக நலியும்.

இவ்வுண்மையைப் பிச்சாவரம் நமக்குக் கற்பித்தது. 1934-ஆம் ஆண்டில் மேட்டூர் அணை முடிவுற்றபின் காவிரியின் கடைமடைக்கு வரும் நன்னீர் குறைந்தது. 1970-கள் வரை கண்டற்காட்டைப் பகுதி பகுதியாக முற்றும் வெட்டும் வழக்கமும் இருந்தது. வெட்டிய இடத்தில் மண் தாழ்ந்தது. புகுந்த கடல்நீர் வடிய வழியின்றித் தேங்கி, வெயிலில் வற்றி, உவர் பன்மடங்காயிற்று. உப்பைத் தாங்கும் செடிகளும் அங்கே முளைக்கவில்லை. 1990-களில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தாரும் வனத்துறையினரும் ஊராரொடு கூடிக் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து மீள வழிசெய்தனர். அதன் பின்னரே அந்நிலம் மீண்டும் பசுமையுற்றது. 2004 டிசம்பர் 26-இல் ஆழிப்பேரலை எழுந்தபோது, அக்காட்டின் பின்னிருந்த ஊர்கள் திறந்த கரையிலிருந்த ஊர்களினும் குறைவாகவே அழிவுற்றன என்பதும் நினைவிற்குரியது.

பொறுக்கின்றது என்பதனாலேயே ஒன்றன்மேல் எத்துணைச் சுமையும் ஏற்றலாம் என்று எண்ணுதல் மாந்தர் இயல்பு. கழிமுள்ளி அவ்வெண்ணத்தை மறுக்கின்றது. சங்கப் புலவர் கண்ட முண்டகம் இன்னும் நம் கழிகளில் பூக்கின்றது. நமக்குப் பின் இக்கல்லூரியிற் பயில்வார்க்கு அஃது ஏட்டில் மட்டும் எஞ்சிய பெயராகாமற் காத்தல் நம் கடனாம்.