ஒளி பட்டால் விழிக்கும் மருந்து

புற்றுநோயை வெளிச்சத்தால் அழிக்க முடியுமா? முடியும். ஆனால், வெளிச்சம் மட்டும் போதாது.

முதலில் ஒரு மருந்தை ஊசி வழியாகச் செலுத்துவார்கள். இருட்டில் அது சும்மா இருக்கும். கட்டியின் மீது சிவப்பு லேசர் ஒளி பட்டதும் விழித்துக்கொண்டு, அங்குள்ள ஆக்சிஜனுக்கு வீரியம் ஏற்றி, நோயுற்ற உயிரணுக்களைக் கொல்லும். சிவப்பு ஒளி சதைக்குள் ஒரு சென்டிமீட்டருக்கு மேல் இறங்குவது கடினம். ஆகவே வாய், தொண்டை போன்ற ஒளி எட்டும் இடங்களுக்கே இது ஏற்றது.

இது நமக்கு ஏன் முக்கியம்? மலேசியாவில் வாய்ப் புற்றுநோய் இந்தியர்களிடையேதான் அதிகம். பாக்கு, புகையிலை சேர்த்து வெற்றிலை போடுவது அதற்கு முக்கியக் காரணம். பெஸ்தாரி ஜெயா, புக்கிட் ரோத்தான், ஈஜோக் தோட்டங்களில் பெரியவர்களிடம் இப்பழக்கத்தை நாம் பார்த்தவர்கள்தானே!

மற்றச் சிகிச்சைகள் பலிக்காத தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு ‘ஃபோஸ்கான்’ என்ற ஒளி மருந்தை ஐரோப்பிய ஒன்றியம் 2001இல் அனுமதித்தது. ஊசி போட்ட 4ஆம் நாள் ஒளி பாய்ச்சுவார்கள். சிக்கல் என்னவென்றால், மருந்து தோலிலும் தங்கிவிடும். முதல் 15 நாள் வெயில் பட்டால் தோல் வெந்துவிடும். செம்பனைக் குலை வெட்டிப் பிழைப்பவர் வெயிலுக்கு எங்கே ஒளிவார்?

இங்கேதான் நானோ துகள்கள் வருகின்றன. தலைமுடியின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு இருக்கும் உறைக்குள் மருந்தை அடைத்து, கட்டிக்கே அதிகமாகக் கொண்டு சேர்ப்பதுதான் நோக்கம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தார் 2012இல், ஆழமாக ஊடுருவும் அகச்சிவப்புக் கதிரை உள்ளேயே புலப்படும் ஒளியாக மாற்றும் துகள்களை எலிகளில் சோதித்து, கட்டியின் வளர்ச்சியைக் குறைத்தார்கள். நம் சிலாங்கூரிலும் முயற்சி உண்டு. சுபாங் ஜெயாவில் உள்ள புற்றுநோய் ஆய்வு அறநிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், ஒளி மருந்து தேடி 93 தாவரங்களின் 155 சாறுகளைச் சோதித்து 2009இல் முடிவை வெளியிட்டார்கள்.

ஆய்வுக்கூடத்திலிருந்து மருத்துவமனைக்கு வரும் வழி நீளமானது. அதுவரை நோய் காத்திருக்காது. வாயில் வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு தெரிகிறதா? புண் இரண்டு வாரமாகியும் ஆறவில்லையா? வலி இல்லையே என்று விட்டுவிடாதீர்கள். அரசாங்கப் பல் மருத்துவ கிளினிக்கில் உடனே காட்டுங்கள். தொடக்கத்திலேயே கண்டுபிடித்தால் பிழைக்கும் வாய்ப்பு பெரிது. கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்க்க வீட்டு விளக்கொளியே போதும்.