முன்பணம் கொடுக்கும் முன் ப்ரோக்ராம் தாளைப் படியுங்கள்

கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, திருவள்ளூர் கடைவீதிகளில் ஒட்டியிருக்கும் ஆன்மிகச் சுற்றுலா நோட்டீஸ்களைப் பாருங்கள். எத்தனை நாள், எத்தனை கோயில், தலைக்கு எவ்வளவு என்பதெல்லாம் கொட்டை எழுத்தில் இருக்கும். எத்தனை படி ஏற வேண்டும், ராத்திரி எத்தனை மணிக்குப் படுக்கலாம், வழியில் ஒருவருக்கு முடியாமல் போனால் யார் கூட இருப்பார் என்பதை அதில் தேடினாலும் கிடைக்காது. சிப்காட் கம்பெனிகளிலும் ஆவடி டாங்கி தொழிற்சாலையிலும் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்திலும் ஷிப்ட் பார்த்தே வயதானவர்கள் இங்கே அதிகம். பிள்ளைகளுக்கு எல்லாம் செய்து முடித்துவிட்டுத் தங்களுக்கென்று அவர்கள் செய்துகொள்ளும் முதல் பெரிய செலவு பல வீடுகளில் இந்தப் பயணம்தான். அது நிம்மதியாக நடக்க வேண்டும் என்று கேட்க அவர்களுக்கு உரிமை உண்டு. ஆனால் முன்பணம் கைமாறுவதற்கு முன்பு கேட்டு எழுதி வாங்கியதற்குத்தான் பிறகு பலம்.

நவகிரகச் சுற்றுலாவையே எடுத்துக்கொள்வோம். கும்பகோணத்தைச் சுற்றி ஒன்பது தலங்கள், ஒரே நாளில் முடித்துவிடலாம் என்பார்கள். ஒற்றைக் கதவுள்ள பஸ்ஸில் நாற்பது பெரியவர்கள். முழங்கால் வலியோடு கம்பியைப் பிடித்து இறங்க ஆளுக்கு அரை நிமிடம் என்று வைத்தாலும் எல்லோரும் இறங்கி முடிக்க 20 நிமிடம், திரும்ப ஏற 20 நிமிடம். ஒன்பது கோயிலுக்கும் சேர்த்து 6 மணி நேரம் பஸ் படிக்கட்டிலேயே போய்விடுகிறது. செருப்பு விடுவது, கழிப்பறை, தரிசன வரிசை, ஊருக்கு ஊர் ஓடும் நேரம் எல்லாம் இதற்கு மேல்தான். இத்தனை நேரத்தையும் சாப்பாட்டிலும் தூக்கத்திலும்தான் பிடிப்பார்கள். வண்டி எப்போது நிற்கும் என்று தெரியாததால் பெண்கள் தண்ணீர் குடிப்பதையே விட்டுவிடுகிறார்கள். சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை சாப்பிடுபவர்கள் அப்படி இருந்தால் மயக்கமும் சிறுநீர்த் தொற்றும் வரும். காலை மடக்கியபடியே பல மணி நேரம் உட்கார்ந்திருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் உறையும் ஆபத்தும் உண்டு.

ஆகவே ப்ரோக்ராமில் முதலில் பார்க்க வேண்டியது வேகம். ஒரு நாளைக்கு மூன்று இடம் போதும். மதியம் பெரும்பாலான கோயில்களில் நடை சாத்தியிருக்கும், அந்த நேரத்துக்கு அறை போட்டிருக்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கழிப்பறை உள்ள இடத்தில் வண்டி நிற்கும் என்று எழுதியிருக்க வேண்டும். படிகளைப் பற்றியும் கேளுங்கள். திருத்தணிக்கு 365 படி என்றாலும் வண்டி மலை மேல் வரை போகும். சோளிங்கர் பெரிய மலைக்கு 1,305 படி. 2024 மார்ச்சில் அங்கே ரோப்கார் வந்த பிறகுதான் பல பெரியவர்களுக்கு அந்தத் தரிசனமே சாத்தியமானது. ஆனால் பழனியிலும் சரி, சோளிங்கரிலும் சரி, பராமரிப்புக்காக ரோப்காரை நிறுத்தும் நாட்கள் உண்டு. நீங்கள் போகும் தேதியில் அது ஓடுமா என்று விசாரித்துச் சொல்வது ஏற்பாட்டாளரின் வேலை.

இந்தத் தொழிலுக்கு இறங்க ஒருவர் உரிமம் வாங்கியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மத்திய சுற்றுலா அமைச்சகம் டூர் நடத்துபவர்களுக்கு அங்கீகாரம் தருகிறது, விருப்பமுள்ளவர்கள் பெற்றுக்கொள்ளலாம். அதனால் நல்லவர்களும் நடத்துகிறார்கள், ஒரு சீசனுக்கு மட்டும் முளைப்பவர்களும் நடத்துகிறார்கள். ‘மேனேஜர் கூடவே வருவார்’ என்று சொன்னால், அவர் சம்பளத்துக்கு வரும் ஆளா, அல்லது சமையல்காரரும் கிளீனரும்தான் மேனேஜரா என்று கேளுங்கள். வடக்கே போகும் பயணம் என்றால் அவருக்கு இந்தி தெரிய வேண்டும். 15 பேருக்கு ஒருவராவது இருக்க வேண்டும், அவர்களில் ஒருவர் பெண்ணாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. குளியலறையில் வழுக்கி விழுந்த ஒரு அம்மாவைத் தூக்க யாரைக் கூப்பிடுவது என்ற கேள்வி நடுராத்திரியில்தான் வரும். இதைவிட முக்கியமாக ஒரு வரி எழுதி வாங்குங்கள்: யாராவது ஆஸ்பத்திரியில் சேர நேர்ந்தால், வீட்டார் வந்து சேரும்வரை குழுவிலிருந்து ஒரு பொறுப்பாளர் அங்கேயே தங்குவார். காசியில் ஒருவரைப் படுக்கையில் விட்டுவிட்டு பஸ் கயாவுக்குக் கிளம்பிப் போனால், மொழி தெரியாத வாழ்க்கைத்துணை மட்டும் பக்கத்தில் நிற்பார்.

அடுத்தது வண்டி. மஞ்சள் நம்பர் பிளேட் உள்ள டி போர்டு வண்டியா, வெள்ளை பிளேட் ஓன் போர்டு வண்டியா என்பதைப் புறப்படும் நாளில் பார்த்தால் தாமதம். நம்பரை முன்பே வாங்கி எம்பரிவாகன் செயலியில் போட்டால் எஃப்.சி., இன்சூரன்ஸ், பெர்மிட் எதுவரை செல்லும் என்று தெரிந்துவிடும். நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. வாரம் முழுதும் ஆட்களை ஏற்றும் கம்பெனி பஸ்ஸை ஞாயிற்றுக்கிழமை டூருக்கு விடுவார்கள். ஒப்பந்த வாகனமாகப் பெர்மிட் எடுத்த பஸ் என்றால் அதில் போகலாம். கம்பெனி தன் சொந்த ஊழியர்களுக்காக மட்டும் பெர்மிட் எடுத்த பஸ்ஸை வாடகைக்கு விடக் கூடாது. மீறி ஏறினால், விபத்து நடந்த பிறகு இன்சூரன்ஸ் நிறுவனம் பெர்மிட் மீறலைக் காட்டி வாதாட இடம் கிடைத்துவிடும். ஆந்திர எல்லைக்கு அந்தப் பக்கம் போகும் பயணம் என்றால், வெளிமாநிலத்துக்கான பெர்மிட்டும் வரியும் கட்டியாயிற்றா என்று கேளுங்கள். இல்லாவிட்டால் செக்போஸ்ட்டில் மணிக்கணக்கில் நிற்பது பெரியவர்கள்தான்.

சிலிண்டர் விஷயத்தில் தயவு தாட்சண்யம் பார்க்காதீர்கள். 2023 ஆகஸ்ட் 26 அதிகாலையில் மதுரை ரயில் நிலைய யார்டில் நின்றிருந்த தனிச் சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்து 9 பேர் இறந்தார்கள். லக்னோவிலிருந்து கோயில் யாத்திரைக்கு வந்தவர்கள், பெரியவர்களும் அதில் இருந்தார்கள். விதியை மீறிப் பெட்டிக்குள் கொண்டுவந்த கேஸ் சிலிண்டரில் டீ போட்டதுதான் காரணம் என்று ரயில்வே சொன்னது. அது எங்கோ உத்தரப் பிரதேசத்துக்காரர்களின் பழக்கம் என்று நாம் தள்ளிவிட முடியாது. ‘சமையல்காரரோடு டூர், வீட்டுச் சாப்பாடு’ என்று இங்கே விற்கும் பயணங்கள் பலவற்றில் பஸ் டிக்கியில் சிலிண்டரும் அடுப்பும் ஏறுகின்றன, மேலே சீட்டில் பெரியவர்கள் தூங்குகிறார்கள். பயணிகள் வண்டியில் எளிதில் தீப்பற்றும் பொருளை ஏற்றக் கூடாது. வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது என்ற பெரியவர்களின் கவலை நியாயமானது, அதற்கு வழியும் இருக்கிறது. போகும் ஊரில் சத்திரம், மடம், மெஸ் பேசி வைத்தால் இட்லியும் ரசம் சாதமும் கிடைக்கும். காசியிலேயே நாட்டுக்கோட்டை நகரத்தார் சத்திரம் இருக்கிறது. சிலிண்டர் ஏறினால் நாங்கள் ஏற மாட்டோம் என்று நான்கு பேர் சேர்ந்து சொன்னால் ஏற்பாட்டாளர் வழிக்கு வருவார். கிளம்பும் முன் அவசர வழிக் கதவை ஒருமுறை திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே மூட்டை அடுக்கியிருந்தால் இறக்கச் சொல்லுங்கள்.

ரயிலில் போகிறவர்கள் டிக்கெட்டைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் கீழ் பெர்த் தனி ஒதுக்கீடு இருக்கிறது. ஆனால் ஒரே டிக்கெட்டில் ஒருவரோ இருவரோ மட்டும் இருந்தால்தான் அதில் பதிவு செய்ய முடியும். ஏஜெண்ட் தன் வசதிக்காக ஆறு பேரை ஒரே டிக்கெட்டில் போட்டால் அந்த ஒதுக்கீடு போய்விடும், எழுபது வயதுக்காரர் மேல் பெர்த்துக்கு ஏற வேண்டி வரும். இருவர் இருவராகப் போடச் சொல்லுங்கள். மூத்த குடிமக்களுக்கான கட்டணச் சலுகையை ரயில்வே 2020 மார்ச்சில் நிறுத்திவிட்டது. ‘சீனியர் சலுகை வாங்கித் தருகிறேன்’ என்று யாராவது பேசினால் அங்கேயே உஷாராகிவிடுங்கள்.

டிக்கெட்டில் யாருடைய செல்போன் எண் இருக்கிறது என்பதும் முக்கியம். 2024 அக்டோபர் 11 இரவு நம் கவரைப்பேட்டையிலேயே மைசூர் - தர்பங்கா பாக்மதி எக்ஸ்பிரஸ், நின்றிருந்த சரக்கு ரயில் மீது மோதியது. உயிர்ச்சேதம் இல்லை, பலர் காயமடைந்தார்கள். ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் எடுக்கும்போது ஒரு ரூபாய்க்கும் குறைவான கட்டணத்தில் காப்பீடு எடுக்கலாம். விபத்தில் உயிரிழந்தால் 10 லட்சம், ஆஸ்பத்திரிச் செலவுக்கு 2 லட்சம் வரை அதில் கிடைக்கும். வாரிசு பெயரைப் பதியும் லிங்க் டிக்கெட்டில் உள்ள எண்ணுக்குத்தான் வரும். அது ஏஜெண்டின் எண்ணாக இருந்தால் அவர் போனிலேயே கிடக்கும். வெயிட்டிங் லிஸ்ட் டிக்கெட் ரத்தானால் பணமும் பதிவு செய்தவர் கணக்குக்கே போகும்.

விமானம் என்றால், நடக்கச் சிரமப்படுபவருக்கு வீல்சேர் கட்டணமின்றித் தர வேண்டும். டிக்கெட் போடும்போதே ஏஜெண்ட் அதைப் பதிந்தாரா என்று பாருங்கள். 2024 பிப்ரவரியில் மும்பை விமான நிலையத்தில், தம்பதிக்கு ஒரே வீல்சேர் வந்ததால் மனைவியை அதில் உட்காரவைத்து நடந்துபோன 80 வயதுப் பெரியவர் சுருண்டு விழுந்து இறந்தார். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் அந்த விமான நிறுவனத்துக்கு 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது.

முக்திநாத் சுமார் 3,700 மீட்டர் உயரம், கேதார்நாத் 3,583 மீட்டர். கடல் மட்டத்தில் வாழ்ந்து பழகிய நமக்கு அங்கே மூச்சு வாங்கும். நேரே ஏற்றிவிடாமல் இடையில் ஓரிரவாவது தங்கவைக்கும் திட்டமே பாதுகாப்பானது. இதயம், நுரையீரல் நோய் உள்ளவர்கள் டாக்டர் சொன்னால் மட்டும் போகட்டும். அமர்நாத்துக்கு 70 வயதுக்கு மேல் அனுமதியே கிடையாது. கேதார்நாத் ஹெலிகாப்டர் டிக்கெட்டை ஐ.ஆர்.சி.டி.சி. நடத்தும் ஹெலியாத்ரா தளத்தில்தான் எடுக்க முடியும், வாட்ஸ்அப்பில் விற்பவை மோசடி. 2024 செப்டம்பரில் ஆதி கைலாஷ் போன சிதம்பரம் பகுதியைச் சேர்ந்த 30 பேர் நிலச்சரிவில் சிக்கி, ஹெலிகாப்டரில் மீட்கப்பட்டார்கள். மலைப் பயணத்தில் இரண்டு நாள் கூடுதலாக மாட்டிக்கொண்டால் அறைக்கும் சாப்பாட்டுக்கும் யார் செலவு என்பதையும் எழுதி வாங்க வேண்டும். திட்டமிட்ட நாளைவிட ஒரு வாரம் கூடுதலாக மாத்திரை எடுத்துக்கொள்ளுங்கள், அதையும் கைப்பையில் வையுங்கள், டிக்கியில் போடாதீர்கள்.

பணம் கட்டினால் பில் கேளுங்கள். பில் தர மறுப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்கிறது 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். ஓய்வுபெற்றோர் சங்கமோ பஜனைக் குழுவோ நடத்தினாலும், தலைக்கு இவ்வளவு என்று கட்டணம் வாங்கினால் அது சேவைதான். நண்பர்கள் செலவைப் பங்கு போட்டுக்கொண்டு போகும் பயணத்துக்கு இந்தச் சட்டம் உதவாது. ‘பணம் திருப்பித் தரப்படாது’ என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும் பயப்பட வேண்டாம். சொன்ன சேவையைத் தராமல் பணத்தை வைத்துக்கொள்ள அந்த வரி யாருக்கும் அனுமதி தந்துவிடாது.

ஏமாற்றப்பட்டால் முதலில் எழுத்தில் புகார் சொல்லுங்கள், வாட்ஸ்அப்பில் இருந்தாலும் போதும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் பல விவகாரங்கள் அங்கேயே தீர்ந்துவிடும். பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே மறைந்துவிட்டால் போலீஸுக்குப் போங்கள். ஆன்லைனில் பணம் போட்டிருந்தால் தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள், சீக்கிரம் சொன்னால் அந்தப் பணத்தை முடக்கிவைக்க வாய்ப்பு அதிகம். சாலை விபத்துக்கான இழப்பீட்டு மனுவை, விபத்து எந்த மாநிலத்தில் நடந்திருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் பகுதியின் தீர்ப்பாயத்தில் தாக்கல் செய்யலாம். ஆறு மாதத்துக்குள் செய்துவிட வேண்டும் என்கிறது சட்டம்.

மற்றபடி திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. டூர் கம்பெனி சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் புகாருக்குக் கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தாக வேண்டிய கட்டாயமும் இல்லை. இரண்டு ஆண்டுக்குள் தர வேண்டும். ஒரே பஸ்ஸில் போனவர்கள் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்து ஒரே புகாராகவும் கொடுக்கலாம். நோட்டீஸ், ப்ரோக்ராம் தாள், பணம் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட், ஆஸ்பத்திரி பில், எழுதிக் கொடுத்தபடி இல்லாத அறையின் போட்டோ எல்லாவற்றையும் இணையுங்கள். ஆணையத்துக்கு நடந்து வர முடியாத பெரியவர், காணொலி வழியாகத் தன்னை விசாரிக்கும்படி காரணத்தோடு விண்ணப்பிக்கச் சட்டத்திலேயே இடம் இருக்கிறது. புகார் மனுவோடு அந்த விண்ணப்பத்தையும் சேர்த்தே கொடுத்துவிடலாம்.